நம் வீட்டுப் பலகைத் தரை

உன்னை நான் புரிந்துகொண்டிருந்தேனா? நாளைக் காலைக்குள் இதற்கு ஒரு பதில் வேண்டும். என்னிடம் இல்லை.

ஊருக்கு வெளியே காது கேளாத பிள்ளைகளுக்குப் புதிதாக ஒரு பள்ளி திறந்திருக்கிறார்கள். அதன் தலைமையாசிரியை போன வாரம் வீட்டுக்கு வந்தார். "நாலு வார்த்தை பேசணும் மேடம். பெத்தவங்க எல்லாம் வர்றாங்க. அக்காவோட இத்தன வருஷம் கூடவே இருந்தவங்க நீங்க. அவங்க மனசு உங்களுக்குப் புரிஞ்ச மாதிரி யாருக்குங்க புரியும்?" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். நாளைக் காலைதான் அந்தக் கூட்டம்.

இன்று மாலை தலைவலி. புது மாத்திரைப் புட்டியைத் திறந்தபோது வாயில் அடைத்திருந்த பஞ்சு விரலோடு வந்தது. அதை எறிய மனம் வரவில்லை. மேஜைமேல் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். நீ படிக்கக் கற்றவள் இல்லை. உயிரோடு இருந்திருந்தாலும் இது உனக்கு வெறும் காகிதம்தான்.

அக்கா என்று எழுதுவதே எனக்குப் பழக்கமில்லை. உன்னை அப்படிக் கூப்பிட்டு என்ன பயன்? மூக்குத்தி இருக்கும் பக்கத்தைத் தொட்டால் அது நீ. கண்ணைச் சுற்றி விரலால் வட்டம் போட்டால் நான். மேலுதட்டின் மேல் முறுக்கினால் அப்பா. அவர் மீசையை எடுத்து எத்தனையோ வருடமான பிறகும் அதுதான் அப்பா. பேச்சு வருவதற்கு முன்பே ஒரு காய்ச்சலில் உன் காது போய்விட்டதால் வீட்டில் நாமாகச் செய்துகொண்ட மொழி அது. அப்பாவுக்குப் பிறகு அம்மாவும் போனதும் அதைப் பேச இரண்டு பேர்தான் மிச்சம். எழுபதுகளின் தொடக்கத்தில் நான் இந்த ஊருக்கே மாற்றல் வாங்கி வந்தது அதனால்தான். இப்போது பகலெல்லாம் கல்லூரியில் பேசிவிட்டு வருகிறேன். சாயங்காலம் அப்பாவின் நினைவு வந்தால் கை தானாக மேலுதட்டுக்குப் போகிறது. எதிரே யாரும் இல்லை.

உன்னைக் கூப்பிட எனக்குத் தெரிந்த ஒரே வழி காலால் மிதிப்பது. மாடி அறையின் தரை பலகை. வாசலில் நின்று ஒரு மிதி மிதித்தால், ஜன்னலோரம் பூத்தொடுத்துக்கொண்டிருக்கும் நீ மலையைப் பார்த்த முகத்தை என் பக்கம் திருப்புவாய். வந்தவர்கள் அதை அதிசயமாகப் பார்ப்பார்கள். "ஒத்த மிதியில திரும்புதே!" என்பாள் கீழ்வீட்டு அம்மா. எனக்கும் உள்ளூரப் பெருமைதான்.

அந்தப் பெருமையில்தான் ஒரு வருடம் தேர்த் திருவிழாவன்று இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு உன்னோடு தேரடி வீதிக்குக் கிளம்பினேன். பௌதிகம் படித்தவளின் சோதனை அது. மேளம் எங்கோ கிணற்றுக்குள் அடிப்பதுபோல இருந்தது. வளையல் கடையில் நீ ஜாடை காட்டினாய். கடைக்காரர் என்னிடம் ஏதோ கேட்டார். "என்ன?" என்றேன். மறுபடி கேட்டார். மறுபடி "என்ன?" என்றேன்.

"செவப்பா பச்சையானு கேட்டேம்மா! சரியாப் போச்சு, ரெண்டுமே செவுடா!"

அது மட்டும் பஞ்சைத் தாண்டி வந்தது. பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. நீ அவர் முகத்தை ஒரு தரம் பார்த்தாய், பிறகு பச்சை வளையலை எடுத்துக் கையில் போட்டுக்கொண்டாய். அந்த வார்த்தையை நீ ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் அதைச் சொல்லும்போது மனிதர்களின் முகம் எப்படி இருக்கும் என்பது உனக்கு மனப்பாடம்.

வீடு வந்ததும் உன்னிடம் ஆர்வமாகச் சொன்னேன்: என்னைத் தொட்டு, உன்னைத் தொட்டு, இரண்டு விரலையும் சேர்த்து, இன்று நானும் நீயும் ஒன்று. நீ என் காதிலிருந்து பஞ்சை உருவி என் கண் முன்னால் பிடித்தாய். பிறகு உன் காதில் விரலை வைத்து, எதையோ உருவுவதுபோல் இழுத்து, உள்ளங்கையை விரித்துக் காட்டினாய். வெறும் கை. காட்டிவிட்டுச் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதையாவது நாளை சொல்லலாம். சொல்ல முடியாதது இன்னொன்று இருக்கிறது.

எண்பதுகளில், நீ படுக்கையில் விழுவதற்குக் கொஞ்சம் முன்பு, சமையலறையில் எனக்கு ஏதோ சொல்ல ஆரம்பித்தாய். அம்மா என்று காட்டினாய். மலையைக் காட்டினாய். கையை முஷ்டியாக மூடி மூடித் திறந்தாய். வேகமாக, நீளமாக, கண்ணெல்லாம் கலங்கிச் சொன்னாய். எனக்குப் பாதி புரியவில்லை. நான் தலையாட்டினேன். உடனே நீ நிறுத்தி, என் மோவாயைப் பிடித்து ஆட்டத்தை அடக்கினாய். உனக்கு இது தெரியும். ஊரெல்லாம் பேசுவதற்கு ஆயுள் முழுக்கத் தலையாட்டியவள் நீ. "சொல் பார்க்கலாம்" என்பதுபோல் என் கையைத் தட்டினாய். அம்மா, மலை, அதற்குமேல் என் கை நகரவில்லை. நீ ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டாய். பிறகு எத்தனை முறை கேட்டும் சொல்லவில்லை.

நேற்று இரவு இந்த இடத்தில் நிறுத்தியிருந்தேன். இன்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

போனேன். பெற்றோர் நாற்காலிகளில், பிள்ளைகள் முன்னால் தரையில். பேச எழுந்தபோது பிள்ளைகள் எனக்கு முதுகு காட்டித் தங்களுக்குள் கையாட்டிக்கொண்டிருந்தார்கள். கூப்பிடத் தெரிந்தவள் ஆயிற்றே நான். ஓங்கி ஒரு மிதி மிதித்தேன்.

ஒரு பிள்ளையும் திரும்பவில்லை. நாற்காலிகளில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். "என்னாச்சு மேடம், பூரானா?" என்று ஒருவர் எழுந்தே விட்டார்.

சிமென்ட் தரை, பலகைபோல் அதிராது. என் கால்தான் வலித்தது. பௌதிகம் படித்தவளுக்கு அது தோன்றியிருக்க வேண்டும். இத்தனை வருடம் நான் தெரிந்துவைத்திருந்தது நம் வீட்டுப் பலகையை.

"எங்க அக்காவை எனக்கு முழுசாப் புரிஞ்சதுனு சொல்ல முடியாதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். தலைமையாசிரியை முகம் சுருங்கியது. சிலர் கைதட்டினார்கள்.

பிறகு ஒரு சிறுமி என்னிடம் வந்தாள். கண்ணைச் சுற்றி விரலால் வட்டம் போட்டாள். கண்ணாடி போட்டவர்களை யாரும் அப்படித்தான் காட்டுவார்கள், அதில் ஒன்றும் இல்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் நீ போனபின் என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவள் அதோடு விடாமல் இரண்டு கையாலும் ஏதோ சொல்லத் தொடங்கினாள். வேகமாக, நீளமாக. ஒன்றும் புரியவில்லை. என் தலை ஆடப்போனது. என் மோவாயை நானே பிடித்துக்கொண்டேன்.

அவள் அதைப் பார்த்தாள். கையை இறக்கி, முதலிலிருந்து, மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள்.