உங்கள் சேவல் என் கையில் தின்றது

ஏனுங்க, என் பிரியமானவரே,

நீங்கள் பட்டறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து, எங்களை விட்டுப் போய் மூன்று மாதம் ஆகிறது. என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. துவைத்த துணியையே திரும்பத் துவைக்கிறேன். வேலை எதுவும் இல்லாமல் காந்திபுரத்துக்கு பஸ் ஏறுகிறேன். இறங்கியதும் அடுத்த பஸ்ஸிலேயே பெரியநாயக்கன்பாளையம் திரும்புகிறேன்.

உங்கள் பேண்டம் சேவலைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன். இரண்டு கைக்குள் அடங்குகிற அந்தக் குள்ளச் சேவல், நீங்கள் சீட்டி அடித்தால் தோளில் ஏறி உட்காரும். மற்றவர்களைக் கண்டால் பாயும். போன மாதம் நம் பாப்பாவின் கன்னத்தைக் கொத்திவிட்டது, கண்ணுக்கு ஒரு விரல் கீழே. எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்ச் சொன்னதும் பல்லடத்திலிருந்து உங்கள் தம்பி வந்தார்.

"அண்ணி, இது வேண்டாமுங்க. அறுத்துப்போடலாமுங்க."

பாப்பா கன்னத்தைப் பொத்திக்கொண்டு, "அது அப்பாவோடதுங்க சித்தப்பா" என்றாள்.

"ஒரு மாசம் பொறுங்க தம்பி" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? கோழி என்றாலே நாலடி தள்ளி நிற்பவள் நான்.

மறுநாள் உள்ளங்கையில் கம்பு தானியத்தை வைத்துக்கொண்டு கூண்டு முன்னால் தரையில் உட்கார்ந்தேன். நீங்கள் அப்படித்தான் பழக்கினீர்கள், அசையாமல், அதன் முகத்தைப் பார்க்காமல். எனக்கு ஐந்து நிமிடம்கூட முடியவில்லை. நான் எழுந்தபோதெல்லாம் அது மிரண்டு பாய்ந்தது. கையெல்லாம் காயம். ஒருநாள் வெகு கிட்டத்தில் வந்து நின்றது. அப்போது பார்த்துத் தெருவில் சைக்கிள் மணி கேட்டது. நீங்கள்தான் என்று வாசலுக்கு ஓடிவிட்டேன். பால்காரர் நின்றிருந்தார். திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினேன்.

நேற்று என் கையிலிருந்து தின்றது. இறக்கையோடு சேர்த்து மெதுவாக அணைத்துத் தூக்கினேன். அதன் நெஞ்சு படபடவென்று அடித்தது, என்னுடையதும்தான்.

"உட்டுப்போடாதீங்கம்மா" என்று பாப்பா மெல்லச் சொன்னாள்.

ஒன்று மட்டும் என்னை அரிக்கிறது. அந்தக் கடைசிக் காலையில், "அம்மணி, இவன் பண்றதை வந்து பாரு" என்று வெளியிலிருந்து கூப்பிட்டீர்கள். "அப்புறம் பாக்கறனுங்க" என்று அடுப்படியிலேயே இருந்துவிட்டேன். பாப்பாவும் தூக்கத்தில் இருந்தாள். அப்படி என்னதான் செய்தான் அவன்? சேவலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். எதைச் செய்தாலும் அதுவாக இருக்குமோ என்று தோன்றுகிறது.

வீட்டுக்குள் இன்னும் நடந்துகொண்டேதான் இருக்கிறேன். நான் கேட்ட ஒரு மாதம் முடிந்து, ஞாயிற்றுக்கிழமை உங்கள் தம்பி வருகிறார். சேவலைக் கையில் வைத்துக்கொண்டுதான் கதவைத் திறப்பேன். கொத்தினாலும் கீழே விடமாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் வீட்டுக்காரி,
பாப்பாவின் அம்மா