வெளியில இருந்து வாற ஆக்கள்

பிப்ரவரி 8, சனி

தொலைக்காட்சி நாடகத்துக்குத் திரையின் கீழே ஓடும் ஆங்கில வசனம் போட்டு அனுப்பியாயிற்று. மாமியார் மருமகளைப் பார்த்து "போடி" என்கிறாள். அதற்கு ஆங்கிலத்தில் என்ன போடுவது? காலையெல்லாம் உட்கார்ந்து யோசித்துவிட்டு ஒன்றும் போடாமல் விட்டேன். அவள் முகமே சொல்கிறது.

நேற்று சமூக மன்றத்தில் தமிழ்க் குடியிருப்பாளர்களுக்கான கூட்டம். தேர்தல் வருகிறது போல. இல்லாவிட்டால் எங்களைக் கூப்பிட்டுக் கறிபஃப் கொடுத்து, குறை என்ன என்று யார் கேட்பார்கள்? கமலாக்காதான் இழுத்துக்கொண்டு போனார். எங்கள் அடுக்குமாடிப் புளோக்கிலேயே இரண்டு மாடி கீழே இருக்கிறார். என் மகள் ஹனீன் பாலர் பள்ளிக்குப் போன காலத்திலிருந்து பழக்கம்.

மைக்கைப் பிடித்ததும் அக்காவுக்கு எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ. "எங்கட புளோக் ஆக்கள் இல்லை. மற்றப் புளோக்கில இருந்து, வெளியில இருந்து வாற ஆக்கள்தான் கீழ இருந்து குடிச்சுப்போட்டுச் சத்தம் போடுறாங்க. எங்களை நிம்மதியா இருக்க விடுறாங்களில்லை. அவையளை உள்ள விடாதீங்க!" மண்டபமே கை தட்டியது. "எடு நூரு, எடு" என்று முன்பே சொல்லியிருந்ததால் என் போனில் எடுத்தேன். வீட்டுக்கு வந்து அக்காவுக்கு அனுப்பினேன். அவருக்கு மட்டும்தான்.

பிப்ரவரி 11, செவ்வாய்

ஹனீன் வேலையிடத்திலிருந்து ஒரு காணொளி அனுப்பினாள். "உம்மா, இது நம்ம கமலா பெரியம்மா தானே?"

'திறந்த சன்னல்' என்று ஒரு பக்கம். யார் நடத்துவதென்று தெரியாது. கமலாக்கா பேசுகிறார். முதல் வாக்கியம் இல்லை. "மற்றப் புளோக்கில இருந்து" இல்லை. "வெளியில இருந்து வாற ஆக்கள்" என்பதிலிருந்துதான் தொடங்குகிறது. குடித்தது, சத்தம் போட்டது, அதுவும் இல்லை. கீழே கொட்டை எழுத்தில் ஆங்கிலம்: வெளிநாட்டுக்காரர்கள்தான் பிரச்சினை. நம்மை நிம்மதியாக வாழ விடுவதில்லை. அவர்களை நாட்டுக்குள் விடாதீர்கள்.

நாட்டுக்குள்! அக்கா எங்கே சொன்னார் நாட்டுக்குள் என்று?

பிப்ரவரி 12, புதன்

திரும்பத் திரும்பப் பார்த்தேன். வலது மூலையில் மங்கலாகத் தெரிவது என் விரல். என் போனில் எடுத்ததுதான்.

பிப்ரவரி 13, வியாழன்

ஊர் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. ஒரு பக்கம், "கடைசியில் ஒரு ஆன்ட்டி உண்மையைப் பேசிவிட்டார்." இன்னொரு பக்கம், "இந்தக் கிழவியின் தாத்தா மட்டும் எங்கிருந்து வந்தாராம்?" தமிழே தெரியாதவர்கள்தான் அதிகம் சண்டை போடுகிறார்கள். அவர்களுக்கு அந்தக் கொட்டை எழுத்து மட்டும்தான்.

இரவுச் சாப்பாட்டுக்கு ஹனீனும் மாப்பிள்ளையும் வந்தார்கள். ஃபஹத் காரைக்காலிலிருந்து வேலை அனுமதியில் வந்தவர். இங்கே தெம்பனிஸில்தான் அலுவலகம். வழக்கமாக வாய் ஓயாது. இன்று தட்டையே பார்த்துச் சாப்பிட்டார்.

"கமலாக்கா அப்படிச் சொல்லலை, மாப்ளே. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

"இருக்கட்டும் மாமி. நான் வெளியில இருந்து வந்தவன்தானே."

அவர்கள் போன பிறகு வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார். "நீதானே எடுத்தே?"

இவர் ஏன் அப்படிக் கேட்க வேண்டும்? என் போனை இவரும்தான் எடுப்பார். எத்தனை வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார், எதை எங்கே அனுப்புகிறார், எனக்கென்ன தெரியும்? இவர் குளிக்கப் போனபோது இவர் போனை எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அழித்திருப்பாரோ?

ச்சீ. கட்டின புருஷனையே சந்தேகப்பட வச்சிட்டாங்களே.

பிப்ரவரி 15, சனி

தேக்கா சந்தைக்குப் போனேன். இறைச்சிக் கடை அப்துல் அலீம் பாய் எலும்பைத் தட்டிக்கொண்டே, "அந்த வீடியோ பார்த்தீங்களா?" என்றார். பார்த்தேன் என்றேன்.

"சப்டைட்டில் போட்டவங்க நல்லாத் தொழில் தெரிஞ்ச ஆளுன்னு சொல்றாங்க லா."

கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். சும்மாதான் பார்த்தாரா? நான் என்ன வேலை செய்கிறேன் என்பது அவருக்குத் தெரியும். பஃப்பலோ ரோட்டில் நடக்கும்போது எல்லோரும் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. கொத்தமல்லி வாங்க மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 17, திங்கள்

மின்தூக்கியில் கமலாக்காவும் அவர் கணவர் ஜெயரத்தினமும். அவர் எண் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். எப்போதும் "என்ன நூருன்னிசா, சுகமா?" என்று கேட்கிற மனிதர்.

கீழே இறங்கியதும் அக்காவைப் பிடித்து நிறுத்தினேன்.

"உன்ட போன்ல எடுத்தது" என்றார். "நீ செய்யிற தொழிலும் அதுதான். அவர் கேக்கிறார், வேற யார் செய்திருப்பினம் எண்டு. நான் என்ன சொல்ல?"

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

அக்கா கைப்பைக்குள் சாவியைத் தேடத் தொடங்கினார்.

"நான் உங்களுக்கு மட்டும்தான்க்கா அனுப்பினேன். நீங்க யாருக்கு அனுப்பினீங்க?"

"ஒருத்தருக்கும் இல்லை."

நான் கேட்டு முடிப்பதற்குள் வந்த பதில். இத்தனை வருடத்தில் அக்கா எதற்கும் இவ்வளவு வேகமாகப் பதில் சொன்னதில்லை.

பிப்ரவரி 19, புதன்

யாசர் என்று ஒரு நிருபர் கூப்பிட்டார். இணையச் செய்தித்தளமாம். முழுக் காணொளி என்னிடம் இருப்பதாகக் கேள்விப்பட்டாராம். யார் சொன்னது என்று கேட்டால் சிரிக்கிறார்.

"எங்க எடிட்டர் ரெண்டு பக்கத்தையும் போடணும்னு சொல்றார், மேடம்."

"எது தம்பி ரெண்டு பக்கம்? நடந்தது ஒண்ணுதானே?"

அங்கே யாரிடமோ ஏதோ கேட்பது காதில் விழுந்தது. பிறகு, "இந்த விஷயத்துக்கு நிறைய வியூஸ் இருக்கு, மேடம்" என்றார். உண்மையையாவது சொன்னாரே. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். இவரையும் நம்பலாமா தெரியவில்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

இவர் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தபோது கமலாக்கா வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். உள்ளே வாங்க என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

"நூரு. அது சஞ்சீவன்."

அக்காவின் மகன். போன வருடம் வேலை போய்விட்டது. அவன் இடத்துக்கு வெளிநாட்டிலிருந்து ஒருவரை எடுத்தார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அதன் பிறகு வீட்டு அறையிலேயே கிடக்கிறான் என்று தெரியும். அந்தப் பக்கத்தை நடத்துவது அவன்தான் என்று தெரியாது. பெருமைக்காகத்தான் அம்மா மகனுக்குக் காணொளியை அனுப்பியிருக்கிறார். அவன் வெட்டினான். ஆங்கிலம் கணினி போட்டதாம், அவன் திருத்தவில்லையாம்.

கணினி போடும் ஆங்கிலத்தைத் திருத்தித்தான் நான் சோறு தின்கிறேன். "நாட்டுக்குள்" என்பது கணினி போட்டதில்லை. அக்காவிடம் சொல்லவில்லை.

"முழுசையும் நீ வெளியில குடுத்தா அவன் பொய்யன் எண்டு ஆயிடும். கேஸ் கீஸ் எண்டு வந்தா? இப்பதான் நாலு பேர் அவனைத் தேடி வருகினம். ஒழுங்காச் சாப்பிடுறான், நூரு."

"அப்ப உங்க பேரு?"

"நான் சொன்னதாவே இருக்கட்டும்."

"என் பேரு? நான்தான் செஞ்சேன்னு தேக்கா வரைக்கும் பேசுறாங்களே!"

அதற்கு அழுதார். நானும் அழுதேன். கடைசியில் எந்த வாக்கும் கொடுக்காமல் அவரை அனுப்பிவைத்தேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

'திறந்த சன்னல்' நேரலை. கமலாக்கா பச்சைப் பட்டுப்புடவையில். முகத்தைக் காட்டாமல் சஞ்சீவன் கேட்கிறான். எனக்குக் குரல் தெரியாதா?

"ஓம், நான் சொன்னதுதான். ஏன் சொல்லக் கூடாது?"

மகனுக்காகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேதான் பார்த்தேன். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. மருத்துவமனை வரிசை, ரயிலில் இடம், வாடகை, எல்லாவற்றுக்கும் "அவையள்தான்" என்றார். தடுமாறவே இல்லை. எழுதிக் கொடுத்ததைப் படிக்கிற கண் இல்லை அது.

இது எப்போதிலிருந்து உள்ளே இருந்தது? என் வீட்டில் உட்கார்ந்து ஃபஹத்துக்குக் கல்யாண வாழ்த்துச் சொன்னபோதும் இருந்ததா? இல்லை, இந்தப் பத்து நாளில்தான் வந்ததா?

பிப்ரவரி 26, புதன்

கடையில் அக்காவைப் பார்த்தேன். காத்தோங் கோயிலில் யாரோ பெண்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லையாம். "இவ்வளவு வருஷம் ஸ்கூல் ஆபிஸ்ல இருந்தன். ஒருத்தராவது நான் சொன்னதைக் கேட்டிருப்பினமா?" என்றார். முகம் பளபளவென்று இருந்தது.

மார்ச் 1, சனி

நாளை நோன்பு தொடங்குகிறது. ஹனீன் தனியாக வந்தாள். ஃபஹத்தின் உம்மா ஊரில் அந்த நேரலையைப் பார்த்திருக்கிறார். "நீ அங்க ஏன்டா இருக்கணும்?" என்று கேட்டாராம். துபாயில் ஒரு வேலை வந்திருக்கிறது. யோசித்துக்கொண்டிருக்கிறார்களாம்.

"வேலைக்காகவா போறீங்க, இதுக்காகவா?"

"தெரியலை உம்மா. லிஃப்டுல யாராவது பார்த்தாலே அவருக்கு ஒரு மாதிரியா இருக்கு. சும்மாதான் பார்ப்பாங்க. ஆனா இவருக்கு அப்படித் தோணலை."

எனக்குத் தெரியும் அது எப்படி இருக்கும் என்று.

கமலாக்காவைக் கூப்பிட்டேன். முழுக் காணொளியைக் கொடுக்கப் போகிறேன், உங்களிடம் சொல்லாமல் செய்ய மாட்டேன் என்றேன். சத்தம் போடுவார், கெஞ்சுவார் என்று எதிர்பார்த்தேன்.

"குடு" என்றார். "ஒருத்தரும் பாக்க மாட்டினம்."

யாசருக்கு அனுப்பிவிட்டேன்.

மார்ச் 5, புதன்

வந்துவிட்டது. தலைப்பு: 'முழுக் காணொளியில் இருப்பது என்ன? உங்கள் கருத்து என்ன?' கீழே வாக்கெடுப்பு வேறு வைத்திருக்கிறார்கள். அவர் சொன்னாரா, சொல்லவில்லையா என்று. அடப்பாவிகளா, அதுக்கு எதுக்கு ஓட்டு? காது இல்லையா?

அக்காவைப் பாராட்டியவர்கள் எழுதுகிறார்கள்: முழுக் காணொளிதான் போலி, செயற்கை நுண்ணறிவில் செய்தது. திட்டியவர்கள் எழுதுகிறார்கள்: முன்னால் என்ன சொன்னால் என்ன, நேரலையில் அவரே ஒப்புக்கொண்டாரே. இரண்டு பக்கமும் முன்பு நின்ற இடத்திலேயே நிற்கிறது. என் பெயரைக் கண்டுபிடித்து யாரோ போட்டிருக்கிறார்கள், மருமகன் எந்த ஊர் என்பதோடு.

நோன்பு திறக்கும் நேரத்தில் போனை அணைத்து அலமாரிக்குள் வைத்தேன்.

மார்ச் 6, வியாழன்

யாசருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை.

மார்ச் 31, திங்கள்

நோன்புப் பெருநாள். ஒவ்வொரு வருடமும் கமலாக்கா வீட்டுக்குப் பிரியாணி போகும். இந்த முறை பாத்திரத்தில் போட்டு மூடி வைத்துவிட்டு, கொண்டு போக மனமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். சாயந்திரம் ஃபஹத்தான் எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்து, "வாங்கிக்கிட்டாங்க மாமி. நல்லாத்தான் பேசினாங்க" என்றார்.

ஏப்ரல் 19, சனி

ஹனீனுக்கும் ஃபஹத்துக்கும் துபாய்க்கு மதிய விமானம். ஃபஹத் பெட்டிகளை இறக்கும்போது கமலாக்கா வந்தார். மின்தூக்கிக் கதவு மூடாமல் கையால் பிடித்துக்கொண்டார். ஹனீனைக் கட்டிப்பிடித்து உண்மையாகவே அழுதார். ஃபஹத்தின் தலையைத் தொட்டு, "என்ட பிள்ளை, அங்க சூடு கூட. உடம்பைப் பாத்துக்கொள்ளுங்க. எப்ப திரும்பி வருவீங்க?" என்றார்.

"தெரியாது ஆன்ட்டி."

"இது உங்கட வீடுதானே. வந்துடோணும்."

அவர் அதை மனதாரச் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

சாங்கி விமான நிலையத்திலிருந்து திரும்பி வரும்போது பேருந்திலேயே பார்த்தேன். 'திறந்த சன்னல்': கமலா ஆன்ட்டி பேசுகிறார். இன்று காலை பதிவேற்றியது. என்னவென்று கேட்காமல் மூடிவிட்டேன்.

வீட்டுக்கு வந்தேன். இரும்புக் கதவைப் பூட்டிவிட்டு மரக்கதவையும் சாத்தினேன். எங்கள் வீட்டு மரக்கதவைப் பகலில் யாரும் சாத்தியதில்லை. இவர் நிமிர்ந்து பார்த்தார். எழுந்து விளக்கைப் போட்டார்.