சான்றிதழில் இருந்த தொலைபேசி எண்

அப்பாவுக்கு வணக்கம்.

உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறாளா?

போன வாரம் இங்கே ஒரு கூத்து; பயப்பட ஒன்றுமில்லை. கிணறு துளையிடும் இயந்திரங்கள் விற்கும் கம்பெனிகளின் சான்றிதழ்களைச் சரிபார்ப்பதுதானே என் வேலை? ஒரு கம்பெனி, குழாய் தூக்கும் கொக்கிக்கு வெளி ஆய்வு நிறுவனத்தின் சான்றிதழை அனுப்பியிருந்தது. அவசரத்தில் அதில் அச்சிட்டிருந்த எண்ணையே அழைத்தது என் தப்பு.

"நாங்கதாம்மா சோதிச்சோம், தாராளமா வாங்கலாம்" என்றது ஒரு குரல். முந்தின நாள் என்னிடம் விலை பேசிய விற்பனையாளரின் குரல்! வார்த்தைக்கு வார்த்தை அதே இருமல்.

பிறகு ஆய்வு நிறுவனத்தின் எண்ணை நானே தேடிப் பிடித்துக் கேட்டேன். அப்படியொரு கொக்கியை அவர்கள் கண்ணால்கூடப் பார்த்ததில்லையாம்.

"லாரி வாசல்ல நிக்குது. ஒரு கையெழுத்துதானே, போட்டுட்டுப் போம்மா" என்றார் எங்கள் மேலாளர்.

"அந்தக் கொக்கிக்குக் கீழே ஆறு பேர் நிக்கப் போறாங்க சார். நான் போட மாட்டேன்."

மூன்று நாள் லாரியை வாசலிலேயே நிறுத்தி வைத்தார் மேலாளர். நேற்று கொக்கியைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

அம்மாவின் தலையணை உறை ஒன்று அனுப்புங்கள். இங்குள்ளவை மொடமொடவென்று இருக்கின்றன. துவைக்க வேண்டாம்.

வேலைக்குப் போகும் வண்டி ஹாரன் அடிக்கிறது. மூட்டுவலி குறைந்துவிட்டது என்று நீங்களே எழுதினால் இனிமேல் செல்லாது. தங்கையைத் தனியாக எழுதச் சொல்லுங்கள்.

நான் நலம். சரிபார்த்துச் சொல்ல இங்கே யாருமில்லை. இதை மட்டும் என் வார்த்தைக்காக நம்புங்கள்.

உங்கள் மகள்