மலை சுற்றிப் போன பெட்டிகள்

செப்டம்பர் 9

வேலூரிலிருந்து இளஞ்செழியன் என்ற பையன் வந்தான். பையன் என்று எழுதுகிறேனே தவிர, முன்தலை வழுக்கை. மூன்று மாவட்டங்களில் உள்ள சிறு அருங்காட்சியகங்கள், நூலகங்கள், வீட்டுச் சேகரிப்புகள் எல்லாவற்றையும் ஒன்று சேர்க்கிறானாம். ஒன்றுக்கு ஆபத்து வந்தால் இன்னொன்று எடுத்து வைத்துக் காப்பாற்ற வேண்டும். அதுதான் திட்டம்.

என் கணவர் எடுத்த படங்களைப் பார்க்கலாமா என்று கேட்டான். கை கழுவச் சொன்னேன். கழுவினான். இன்னொரு முறை என்றேன். "ஆபரேஷன் தியேட்டருக்குள்ள போற மாதிரி இருக்குங்க மேடம்" என்று சிரித்தான். சிரிக்கட்டும். பொதுப்பணித் துறையில் இருந்துகொண்டு, நாற்பது வருடம் ஞாயிறுதோறும் மலையைச் சுற்றி அலைந்து அவர் எடுத்தவை. மண்டபம், குளம், சுமைதாங்கிக் கல். பாதி இன்று இல்லை. நெகட்டிவ் ஒவ்வொன்றும் ஒன்றுதான், நகல் கிடையாது. போனால் போனதுதான், அவரைப் போல.

அந்துருண்டை போடக்கூடாதாம். "பூச்சிய விட படத்துக்குத்தாங்க கெடுதி ஜாஸ்தி." மென்மையாகத்தான் சொன்னான். பிறகு அண்ணாந்து அலமாரிக்கு மேலே கூரையைப் பார்த்தான். மரச்சட்டத்தின்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய மெட்ராஸ் டெரஸ். அங்கே ஒரு கறை இருக்கிறது.

நிழல் என்றேன்.

செப்டம்பர் 20

முதல் கூட்டம், அடி அண்ணாமலை ஊர்ப்புற நூலகத்தில். அதை நடத்தும் திரௌபதிக்கு ஐம்பது வயதிருக்கும். பெரிய குரல். கூட்ட மேஜையில், புத்தகங்களுக்குப் பக்கத்தில், அவித்த வேர்க்கடலையை ஒரு தாம்பாளத்தில் கொண்டுவந்து வைத்தாள். நான் தள்ளி வைத்தேன். "சாப்பிடுங்கக்கா, கடலை ஒண்ணும் புஸ்தகத்த கடிக்காது" என்று திரும்ப நகர்த்தினாள். என்னை எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள் என்று தெரிவித்தேன்.

"சரிங்கக்கா."

கீழ்பென்னாத்தூரில் ஊர் அருங்காட்சியகம் வைத்திருக்கும் ராஜமாணிக்கம், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். நடுகற்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நடுவில் கரண்ட் போய் வந்தது, அவர் நிறுத்தவில்லை.

ஒவ்வொருவரும் ஒரு ஜோடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு வீட்டில் வெள்ளமோ தீயோ வந்தால் பொருள்கள் மற்ற வீட்டுக்குப் போகும். "அப்ப நாமெல்லாம் சம்பந்திங்க ஆகறோம்" என்றார் ராஜமாணிக்கம். திரௌபதி உடனே என்னைக் கேட்டாள். கட்டடம் நல்ல கட்டடம்தான். ஆனால் கடலைத் தோல் கிடக்கும் இடத்தில் எலி இருக்கும். ராஜமாணிக்கத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

திரௌபதி முகம் சுருங்கியதா? இல்லை. தாம்பாளத்தை என் பக்கமாக இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள்.

அக்டோபர் 4

கீழ்பென்னாத்தூர் போய் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். பெண் பார்க்கும் சடங்கு என்றே வைத்துக்கொள்ளலாம், பஜ்ஜிகூட இருந்தது. தரை உலர்ந்திருக்கிறது. ஜன்னல் வலை சரியாக இருக்கிறது. நடுகல் வீரனின் நெற்றியில் மட்டும் யாரோ குங்குமம் வைத்திருந்தார்கள். கேட்டால், "கும்புடறவங்கள வேணாம்னு சொல்ல முடியுங்களா" என்கிறார். மற்றபடி சம்பந்தத்துக்குச் சம்மதம்.

அக்டோபர் 18

இளஞ்செழியனின் திட்ட வரைவு தபாலில் வந்திருந்தது. சிவப்பு மசியில் திருத்தி எடுப்பதற்குள் பேனா காய்ந்துவிட்டது. நான் படித்த கான்வென்டில் சிஸ்டர் பெர்னதெத் கையில் கிடைத்திருந்தால் அவனை முட்டி போட வைத்திருப்பார்.

நான்காம் விதி நன்றாக அமைந்துவிட்டது: போன் செய்த ஒரு மணி நேரத்துக்குள் ஜோடி வீட்டிலிருந்து வேன் வந்து நிற்க வேண்டும். அதன் கீழே "திருவிழாக் காலங்களுக்கு மாற்று ஏற்பாடு" என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தான். அடித்துவிட்டேன். வேலூர்க்காரன் வந்துதான் எங்கள் ஊர்த் திருவிழாவை எங்களுக்குச் சொல்ல வேண்டுமா? போனில் ராஜமாணிக்கமும் சிரித்தார். எல்லோரும் கையெழுத்துப் போட்டாயிற்று.

அக்டோபர் 27

மழை. நிழல் கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது.

நவம்பர் 12

கொத்தனார் காசி வந்து பார்த்தான். தை பிறந்துதான் கை வைக்க முடியுமாம். தீபத்துக்கு முன்னால் ஊரில் உள்ள கொத்தனார் அத்தனை பேரையும் லாட்ஜ்காரர்கள் பிடித்து வைத்திருக்கிறார்கள். வீட்டு வேலைக்கு வரும் சரசு, "நெழலுக்கு எதுக்கும்மா கொத்தனாரு?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் பெருக்கப் போனாள். வாய் நீளம்.

டிசம்பர் 2

காலையிலிருந்து விடாத மழை. பதினொரு மணி வாக்கில் அலமாரி மேல் முதல் சொட்டு.

பதறவில்லை. திட்டம் எதற்கு இருக்கிறது? நான்காம் விதிப்படி ராஜமாணிக்கத்துக்குப் போன் செய்தேன்.

"வேன் ரெடியா நிக்குதுங்க மேடம். ஆனா எப்படிங்க உள்ள வர்றது?"

எப்படி என்றால்?

"நாளைக்குத் தீபம்ங்க."

 நாளைக்குத் தீபம். வண்டிகளை எல்லாம் ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். எங்கள் தெருமுனையிலேயே தடுப்புக் கட்டி நான்கு நாளாகிறது. தினம் அதைச் சுற்றிக்கொண்டுதான் சரசு பால் வாங்கி வருகிறாள். மழைக்காலத்துக்கென்றே ஒரு திட்டம் போட்டு, அந்த மழைக்காலத்தின் நடுவில் கார்த்திகை தீபம் வரும் என்பதை இந்த ஊரிலேயே பிறந்தவர்கள் இத்தனை பேர் மறந்திருக்கிறோம். தீபக் கூட்டம் வெளியூர்க்காரர்களின் கவலை. நமக்கு அது வீட்டுக்குள் இருக்கும் நாள் — அப்படியே பழகிவிட்டது.

வேலூர்க்காரனுக்கு ஞாபகம் இருந்தது. அதை அடித்தது யார்? சிவப்பு மசி.

எல்லாவற்றையும் பெட்டிகளில் போட்டுக் கூடத்துக்கு நகர்த்தினோம். சொட்டு கூடத்துக்கும் வந்தது. வீட்டுக்குள் குடை பிடித்து நின்ற சரசு, நல்ல வேளையாக, ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது. இனி எங்கே நகர்த்துவது? ஐயோ, என்ன பண்ணுவேன் நான்? நீங்க இருந்தா ஏதாவது சொல்லுவீங்க.

டிசம்பர் 4

நேற்று எழுத முடியவில்லை. கால் இன்னும் வலிக்கிறது.

நேற்றுக் காலையில் திரௌபதியிடமிருந்து போன். ராஜமாணிக்கம் சொல்லியிருக்கிறார். "வண்டி வராட்டி போவுதுக்கா. நாங்க வர்றோம்." மழை தூறலாகக் குறைந்த நேரத்தில், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஐந்து பெண்களுடன் வந்து நின்றாள். கையில் பூ மார்க்கெட்டிலிருந்து வாங்கிய பிளாஸ்டிக் தாள். வந்ததும், நான் சொல்லாமலே, வரிசையாகப் போய்க் கை கழுவினார்கள். இளஞ்செழியன் சொல்லி வைத்திருப்பான்.

வந்த வழியே திரும்ப முடியாது. அத்தனை கூட்டத்துக்கு எதிரே யாரும் நடக்க முடியாது, போலீஸும் விடாது. அவர்கள் மலையின் வடபக்கமாகக் கூட்டத்தோடு வந்திருந்தார்கள். தென்பக்கமாகக் கூட்டத்தோடே போக வேண்டும். முழுச் சுற்று. "எப்படியும் சுத்தறதுதானே. வெறுந்தலையா சுத்தறதுக்குப் பதிலு இது இருக்கட்டும்" என்றாள் திரௌபதி.

பெட்டிகள் தலைக்கு ஏறின. நானும் கிளம்பினேன். பின்னால் வந்து யார் பார்த்துக்கொள்வது? செருப்போடு கிளம்பியவளை அவள் விடவில்லை. "கழட்டுங்கக்கா. சேத்துல வழுக்குச்சுன்னா உங்களையும் சேத்துத் தூக்கணும்."

பௌர்ணமிக்குப் பௌர்ணமி அவர் கிரிவலத்துக்குக் கூப்பிடுவார். செருப்பில்லாமல் எப்படி நடப்பது என்பேன். அவரும் வற்புறுத்தியதில்லை, வாசலில் செருப்பைக் கழற்றி என் செருப்புக்குப் பக்கத்தில் ஜோடியாக வைத்துவிட்டுப் போவார்.

பிளாஸ்டிக் சுற்றிய பெட்டிகளைக் கண்டதும் கூட்டம் தானாக வழி விட்டது. கரூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் கையைக் கூப்பிக்கொண்டு, எந்தக் கோயில் சாமி என்று கேட்டார். திரௌபதி நடையை நிறுத்தாமலே சொன்னாள்: "மலையோட படம்ங்க." அவர் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கை கழுவினாரா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

சுமைதாங்கிக் கல் இருந்த இடத்தில் இப்போது டீக்கடை. அதன் பெஞ்சில் பெட்டிகளை இறக்கி வைத்து மூச்சு வாங்கினோம். அந்தக் கல்லின் படம் மூன்றாம் பெட்டியில் இருக்கிறது. சொன்னேன். "அப்ப கல்லே வந்து குந்திக்கினு இருக்குது" என்றாள் ஒருத்தி.

அடி அண்ணாமலைக்குள் நுழையும்போது மலை உச்சியில் தீபம் தெரிந்தது. எல்லோரும் அரோகரா என்றார்கள். கான்வென்ட் படிப்பு என் வாயைத் திறக்க விடவில்லை. உதடு அசைந்தது.

நூலகத்தில் பிரித்துப் பார்த்தோம். ஒரு படம்கூட நனையவில்லை. ஒரு பெட்டிமேல் யாரோ சாமந்திச் சரம் சாத்தியிருந்தார்கள்.

டிசம்பர் 21

கூட்டம். திட்டத்தைத் திருத்தினோம். இளஞ்செழியன் முகத்தை மிகவும் பவ்வியமாக வைத்துக்கொண்டு, "மேடம், அந்தத் திருவிழா வரிய மறுபடி சேத்துக்கலாங்களா?" என்று கேட்டான். கை கழுவிவிட்டு வந்து பேசச் சொன்னேன்.

என் ஜோடியின் பெயரையும் திரௌபதி என்று மாற்றச் சொன்னேன். ராஜமாணிக்கம் சம்பந்தம் முறிந்துவிட்டதாகப் பெருமூச்சு விட்டார். திட்டத்தில் சேர்ந்திருந்த ஒரு மடத்தின் சுவடிகளை அவருக்குக் கட்டிவைத்தோம். வீடுகளின் நிலை என்ற இடத்தில் என் வீட்டுக்கு நேரே ஒன்றும் எழுதாமல் அந்தப் பையன் பேனாவைத் தூக்கிப் பிடித்திருந்தான். ஒழுகுகிறது என்று எழுதச் சொன்னேன்.

ஜனவரி 3

பௌர்ணமி. காசி அடுத்த மாதம்தான் கூரையில் ஏறுவான்; பெட்டிகள் இன்னும் அங்கேதான். போய்ப் பார்க்க வேண்டும். நாளைக்குப் போனால் நூலக வாசல் வரை ஆட்டோ போகும், இன்றைக்கு விடமாட்டார்கள் என்கிறாள் சரசு. தெரியும்.

திரௌபதிக்குப் போன் செய்தேன். கடலை அவித்து வைக்கிறாளாம். பெட்டி இருக்கும் மேஜையில் வைக்காதே என்றேன். "சரிங்கக்கா."

வெயில் தாழ்ந்ததும் கிளம்ப வேண்டும். செருப்பை வாசலில் ஜோடியாக வைத்துவிட்டேன்.