அப்பா சொல்லும் 'வேண்டாம்'

அன்புள்ள வாயாடிக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேசினால் நீ "ம், ம்" என்கிறாய், இல்லையென்றால் வேலை இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாதே!

போன தடவை நீ வந்தபோது அப்பா உன்னைப் பார்த்து, "யாரும்மா நீ? வெளிய போ" என்றது எனக்கும்தான் வலித்தது. பெட்டியைக்கூடப் பிரிக்காமல் கிளம்பினாய். அதன்பிறகு வரவேயில்லை. குறை சொல்லவில்லை. இங்கே நடப்பதைக் கேள்.

மறதி முற்றிய பிறகு அவரிடம் 'வேண்டாம்' மட்டும் மறக்காமல் இருக்கிறது. குளிக்க வேண்டாம், மாத்திரை வேண்டாம், சட்டை மாற்ற வேண்டாம். கெஞ்சினால் மிஞ்சுகிறார், மிஞ்சினாலும் மிஞ்சுகிறார். நானும் சும்மா விடுகிற ஆளா? "குளிச்சாச்சுன்னு பொய் சொல்லாதீங்க, தலை நாறுது" என்று மல்லுக்கு நிற்பேன். நான் நியாயம் பேசப் பேச அவருக்குக் கோபம் ஏறும்.

போன வாரம் குளியலறையில் அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றப் போனேன். தள்ளிவிட்டார். ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டேன். அடி ஒன்றும் இல்லை, பயப்படாதே. ஆனால் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா? டிரைவிங் ஸ்கூலில் புதிதாகக் கார் ஓட்டப் பழகுகிறவர்களிடம் பேசுவாரே, அதே வாத்தியார் குரலில், "அழாதம்மா. வண்டி ஆஃப் ஆகாதவங்க யாரு இருக்காங்க? பின்னாடி ஹாரன் அடிக்கிறவன் அடிச்சிட்டுப் போறான். நிதானமா மறுபடி எடு" என்றார்.

இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவள் கடைசியில் கார் பழக வந்தவளாகிவிட்டேன்! எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். கொஞ்ச நேரம் கழித்து, அப்போதுதான் வருகிறவள் மாதிரி வந்து, "சார், சட்டையில கிரீஸ் பட்டிருக்கு பாருங்க" என்றேன். "அட, ஆமா" என்று தானே பொத்தானைக் கழற்றினார். கிரீஸும் இல்லை, ஒன்றும் இல்லை. கட்டின புருஷனை சார் என்று கூப்பிடுகிறேன், சிரிக்காதே.

எல்லா நாளும் பலிக்காது. நேற்று எதற்கும் மசியவில்லை. முகத்தையும் கையையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். ஒருநாள் குளிக்காவிட்டால் குடி முழுகிவிடாது.

அவருக்குத் தண்ணீர் குளிர்கிறது. யாரோ ஒருத்தி சட்டையைக் கழற்ற வருகிறாளே என்று கூச்சமாக இருக்கிறது. அதற்குத்தான் அத்தனை ஆர்ப்பாட்டமும். அன்று நீயும் வந்ததும் வராததுமாக, "நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்று பரீட்சை வைத்தாய். விடை தெரியாத மனுஷன் வேறென்ன செய்வார்?

அடுத்த லீவுக்கு வா. யாரென்று கேட்காதே, நீயாகச் சொல்லவும் சொல்லாதே. சும்மா பக்கத்தில் உட்கார். போகச் சொன்னால் எழுந்து என்னிடம் வா, டீ குடித்துவிட்டு மறுபடி போகலாம்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள். அப்பா எத்தனை தடவை வேண்டாம் என்றாலும் தாங்கப் பழகிவிட்டேன். நீயும் அதைச் சொன்னால் எனக்குத் தாங்காதடி.

நீ நன்றாக இருக்க வேண்டும்,
அம்மா