பொன்னாடை வாங்கியவர் போட்டியிடுவதில்லை

மே 10, 1972. புதன்

வெயில், புழுதிக்காற்று. சைக்கிள் பின்சக்கரம் பஞ்சர், ஒட்டியாச்சு. ஞாயிறன்று கட்சியின் ஒன்றிய மாநாடு. எம்.ரெட்டியபட்டி போய்க் கருப்பையாவைப் பார்த்தேன். பஞ்செடுத்து முடிந்த காட்டில் காய்ந்த பருத்திமார் பிடுங்கிக்கொண்டிருந்தான். காட்டுக்கூலி, ஊர் ஊராகக் கட்சிக்கொடி கட்டியே வளர்ந்தவன். செயலாளர் பதவிக்கு என் பெயரை அவன் முன்மொழிவதாக முடிவு. பாதிக் கிளைகளுக்கு மேல் நம் பக்கம் என்கிறான். நம்பலாம் போலிருக்கிறது. பயமாகவும் இருக்கிறது.

இப்போதைய செயலாளர் நூல்கடை முதலாளி. எங்கள் தெருத் தறிகள் எல்லாம் அவர் கொடுக்கும் நூலில்தான் ஓடுகின்றன. கட்சி இங்கே வந்த நாளிலிருந்து ஒருமனதாக அவரேதான். யார் மனதோ.

அ.கோட்டை டீக்கடையில் காதில் விழுந்தது: "தறிக்காரனுக்கும் காட்டுக்கூலிக்கும் பதவி கேக்குதாம்ல."

மே 12, வெள்ளி

செய்ய வேண்டியவை: வேட்டி வெளுக்க. மல்லாங்கிணறு கிளைக்கு ஆள் அனுப்ப. லாரி பேச. அப்பாவிடம் சொல்ல.

கடைசியைத் தவிர எல்லாம் முடிந்தது. அதற்குத் தேவையே இல்லாமல் போனது. முதலாளி அப்பாவைக் கடைக்குக் கூப்பிட்டு, காப்பி வாங்கிக் கொடுத்துப் பேசியிருக்கிறார். மாநாட்டில் எனக்குப் பொன்னாடையாம். அப்பாவே நெய்த ஜரிகைத் துண்டு, அப்பா கையாலேயே.

பழைய வித்தை. மேடையில் துண்டு வாங்கியவர் அப்புறம் அவரை எதிர்த்து நிற்பதில்லை. இங்கே அதுதான் வழக்கம். போன தடவை மல்லாங்கிணற்றுக் கிளைக்காரரை இப்படித்தான் உட்கார வைத்தார். கருப்பையாவிடம் சொன்னேன். தலையைக் குனியாதீர்கள், குனியாவிட்டால் போர்த்த முடியாது என்றான். எதிரே நிற்பது அப்பா என்பது அவனுக்கென்ன.

அப்பா ராத்திரி சாப்பிடவில்லை. எனக்கு எரிச்சல்தான். இவரை யார் காப்பி குடிக்கச் சொன்னது?

மே 14, ஞாயிறு

முதலாளியின் பஞ்சுக் கிட்டங்கியில் மாநாடு. தகரக் கூரை, வேர்வை. மேடையில் அவர், மாவட்டத்திலிருந்து வந்த பார்வையாளர், ஓரத்தில் அப்பா. என் பெயரைக் கூப்பிட்டார்கள். ஏறினேன். அப்பா துண்டை விரித்துக்கொண்டு வந்தார். நான் நிமிர்ந்தே நின்றேன். எக்கிப் பார்த்தார், எட்டவில்லை. துண்டு கையிலிருந்து நழுவியது.

பாய்ந்து இரண்டு கையாலும் பிடித்துவிட்டேன். தறியிலிருந்து அறுத்த புதுத்துணி தரையில் விழுவதை எந்த நெசவாளி பார்த்துக்கொண்டிருப்பான்? யோசிக்கவே இல்லை, கை போய்விட்டது. முதலாளி கைதட்டினார். உடனே கிட்டங்கி முழுக்கக் கைதட்டல்.

"தம்பி ஏத்துக்கிட்டாப்ல. ஒருமனதா முடிச்சிரலாம்" என்றார் மைக்கில். செத்துப்போகலாம் போலிருந்தது.

பின்வரிசையில் கருப்பையா எழுந்தான்.

"அண்ணன் நிக்கலேன்னா நான் நிக்கேன்."

முன்வரிசையில் சிரிப்பு. பார்வையாளர் மட்டும் சிரிக்கவில்லை. முன்மொழிய ஓர் ஆள் வேண்டும் என்றார். யாரும் வாய் திறக்கவில்லை. திறந்தால் நூலோ கூலியோ போகும். முதலாளி என் பக்கம் திரும்பவே இல்லை. அவர் கணக்கில் நான் முடிந்துபோன ஆள். கருப்பையா மேல் ஒரு நொடி பொறாமைகூட வந்தது. எனக்கென்று வைத்திருந்த இடம் அல்லவா.

துண்டு வாங்கியவன் நிற்கக்கூடாது, சரி. முன்மொழியக்கூடாது என்று எவனும் சொல்லவில்லையே. துண்டைக் கையில் வைத்துக்கொண்டே மைக்கைப் பிடித்து, கருப்பையாவை முன்மொழிகிறேன் என்றேன். மல்லாங்கிணற்றுக்காரர் வழிமொழிந்தார்.

முதல் தடவையாக ஓட்டுச்சீட்டு. மண்பானையில் போட்டோம். தள்ளுமுள்ளு, ஒரு பெஞ்சு உடைந்தது. பார்வையாளர் பானையோடு ஜீப்பில் ஏறிவிட்டார். எண்ணிவிட்டு மாவட்டத்திலிருந்து சொல்லி அனுப்புவார்களாம்.

அப்பா தனியாக நடந்தே வீட்டுக்குப் போனார்.

மே 15, திங்கள்

மேகமூட்டம், மழை இல்லை. சேதி இல்லை. வாயெல்லாம் கசப்பு.

காலையில் முதலாளியின் நூல் வண்டி தெருவுக்குள் வந்தது. வீடு வீடாக நின்று இறக்கியது. எங்கள் வாசலில் நிற்காமல் போனது. தறியில் ஏற்றியிருக்கிற பாவு நூல் முடிந்தால் தறி நின்றுவிடும்.

அப்பா எட்டிப் பார்த்தார். நேற்றிலிருந்து என்னோடு பேசாதவர். நாங்கள் வீட்டுக்குள் பேசும் தெலுங்கில் மெதுவாகச் சொன்னார்:

"மொதலாளி ஜெயிச்சிருந்தா வண்டி நம்ம வாசல்லயும் நின்னுருக்கும்."