பத்திரிகையில் வந்த முதியவர்

செங்கல்பட்டு,
12-2-1956

அன்பு மகன் கியாசுதீனுக்கு அத்தா மொய்னுதீன் ஸலாம் சொல்லி எழுதிக்கொண்டது. பம்பாயில் நீ சுகமாயிருக்க துஆ கேட்கிறோம். கூடுவாஞ்சேரியில் உன் தங்கை லத்தீஃபாவுக்கு ஆண் குழந்தை, தாயும் பிள்ளையும் நலம். உன் அம்மா நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை.

டிசம்பரில் நீ வந்து போட்டோ பிடித்துக்கொண்டு போய், இங்கிருந்து மாமல்லபுரம் வரைக்கும் எழுதின பயணக் கட்டுரை பத்திரிகையில் வந்துவிட்டது. கடைவீதி முழுக்கப் படித்தார்கள். கடலையும் பாறைக் கோயிலையும் நீ எழுதினது கண்ணிலேயே நிற்கிறது. ஆனால் நம் கயிற்றுக்கடைப் படத்தின் கீழே, 'தேநீர் தந்து உபசரித்த ஒரு முதியவர்' என்று போட்டிருக்கிறாய். 'அவர் வீட்டு மூதாட்டி கதவுக்குப் பின்னாலிருந்து இடியாப்பம் கொடுத்தனுப்பினார்' என்றும் எழுதியிருக்கிறாய். எதிர்க்கடை ஷேக் தாவூத், இன்னா பாய், உங்க புள்ளைக்கே நீங்க யாருன்னு தெரியலியா என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டான். பத்திரிகைக்கு அப்படித்தான் எழுதணும் என்று சிரித்து மழுப்பினேன். வீட்டுக்கு வந்தால் உன் அம்மா படித்துக் காட்டச் சொல்லி எதிரே உட்கார்ந்துவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அந்த வரி வாயில் வரவில்லை. முதியவர் என்ற இடத்தில் என் அத்தா என்றும், மூதாட்டி என்ற இடத்தில் என்னைப் பெத்த அம்மா என்றும் படித்துவிட்டேன். அவளுக்கு வந்த சந்தோஷம் சொல்லி முடியாது. பத்திரிகையை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடி, பள்ளிக்கூடம் போகிற ஃபக்ருன்னிசாவிடம் இன்னொரு தரம் படி என்று கொடுத்திருக்கிறாள். அந்தப் பெண் உள்ளதை உள்ளபடி படித்துவிட்டது. திரும்பி வந்தவள் நேரே உள்ளே போய் அடுப்பை மூட்டி உலை வைத்தாள். இனி உன் கடிதங்களை நான் படித்துக் காட்ட வேண்டாமாம், அந்தப் பெண்ணே படிக்கட்டுமாம்.

வெளியூர்க்காரன் போல எழுதுவதுதான் உன் தொழிலில் முறையோ என்னவோ, எனக்குத் தெரியாது. கயிறு விற்கிறவன் மகன் என்று சொல்ல வெட்கப்பட்டாயோ என்றுதான் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அப்படி இல்லை என்றால் இல்லை என்று எழுது, நம்பிக்கொள்கிறேன்.

அடுத்த மாதம் பம்பாய் ஆட்களோடு வந்து மாமல்லபுரம் பங்களாவில் தங்கப்போவதாக எழுதியிருந்தாய். அவர்களையும் நம் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டி வா. வருகிற வழியில் ரயில் கதவில் தொங்கிக்கொண்டு போட்டோ பிடிக்காதே. ஹோட்டல் சாப்பாட்டைக் குறைத்துக்கொள். அல்லாஹ் உன்னையும் உன் கையையும் கண்ணையும் காப்பாற்றி வைப்பான்.

மறக்காமல் எழுதச் சொன்னது ஒன்று. நீ அந்த ஆட்களோடு வந்து உட்காரும்போது, சாப்பிட வாடா தம்பீன்னு உள்ளேர்ந்து கூப்புடலாமா, இல்லே வாயைப் பொத்திக்கினு இருக்கணுமா, அவனையே கேட்டுடுங்க என்றாள் உன் அம்மா. கேட்டுவிட்டேன். பதிலை ராபியா பீவி என்று அவள் பேருக்கே போடு.

இப்படிக்கு,
உன் அத்தா
மொய்னுதீன்